உப்பு பார்த்த கை

“அண்ணி, அடுப்புப் பக்கம் போகாதீங்க. தண்ணி மட்டும்தான். அதுவும் ஒரு வாய்.”

விடிந்ததிலிருந்து சின்னவள் இதையே சொல்லிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். துடைப்பத்தை எடுத்தாள், வைத்தாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். தையல் இயந்திரத்தின் மேல் கிடந்த பள்ளிச் சீருடைத் துணியை மடித்துவிட்டு, எதற்கு மடித்தோம் என்று மறுபடி பிரித்தாள்.

“அடுப்புப் பக்கம் போகாம இருக்க நான் என்ன ஆபீஸ்லயா வேலை பாக்கறேன்?” என்றாள் பெரியவள், செருப்பை மாட்டிக்கொண்டே. “என் பொழப்பே அடுப்புப் பக்கம்தானே!”

பெரியவள் என்றால் சின்னவளின் கணவனுக்கு அக்கா. குழாய் ஆலையின் கேன்டீனில் சமையல். தம்பி அதே ஆலையில் கிரேன் ஓட்டுகிறான். இருவரும் தினமும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். ஆனால் தம்பியின் கழுத்தில் தொங்குவது நீல அட்டை. அக்காவுடையது மஞ்சள். நீலம் என்றால் ஆலையின் ஆள். மஞ்சள் என்றால் ஒப்பந்தக்காரரின் ஆள்.

அட்டைதான் வேறு, ரத்தம் ஒன்று. இவர்களுடைய அம்மா கல்லீரல் புற்றுநோயில் போனவள். அவள் ரத்தத்தில் இருந்த ஹெபடைடிஸ் பி கிருமி, பிறக்கும்போதே பிள்ளைகள் இருவரிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. அது தெரியவந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. பயப்பட வேண்டாம், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கல்லீரலை ஸ்கேன் பண்ணிப் பார்த்துவிட வேண்டும், சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தம்பிக்கு அந்த ஸ்கேன் இன்று வேன் ஏறி ஆலை வாசலுக்கே வருகிறது. அவன் மனைவிக்கும் உண்டு. அக்காவுக்குக் கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் போன தடவை இயந்திரம் பழுது. இப்போது கொடுத்திருக்கும் தேதியோ பல மாதம் தள்ளி. “பொண்டாட்டி குடும்பம்னா, என்னைத் தூக்கி வளத்த அக்கா யாரு சார்?” என்று போன வாரம் தம்பி ஆலை அதிகாரியிடம் கேட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியிருந்தான்.

வேடிக்கை என்னவென்றால், சின்னவளுக்கு அந்தக் கிருமியே கிடையாது. தடுப்பூசியும் போட்டாயிற்று. ஆனால் இன்றைய வரிசையில் அவளுக்கு இடம் இருக்கிறது.

“கடைசியா ஒரு தடவை கேக்கறேன், அண்ணி. எனக்குப் பதிலா நீங்க போய்ப் படுத்துக்குங்க. என் முகம் அங்க யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும். மேல இருக்கிறவனுக்குத் தெரியும்.” பெரியவள் குரலை உயர்த்தவில்லை. “உன் பேரைச் சொல்லி என் உடம்பைக் காட்டமாட்டேன், கண்ணு. நாளைக்கு ஏதாவது இருந்தா, அது உன் பேர்லதானே எழுதிப் போகும்? வேண்டாம்.”

“சரி. பொய் சொல்ல வேண்டாம். உண்மையைச் சொல்லிப் பாக்கறேன். வயித்தை மட்டும் காலியா வச்சிருங்க. அதையாவது செய்வீங்களா?”

“செய்யறேன்.”

“சத்தியமா?”

“சத்தியம் எதுக்கு? நான் சொன்னா சொன்னதுதான்.”

உண்மைதான். பெரியவள் வாக்குத் தவறியவள் அல்ல. அவளுடைய கையைப் பற்றித்தான் அவர்கள் யாரும் யோசிக்கவில்லை.

*

ஆலை வாசலில், லாரிகளை எடைபோடும் மேடைக்குப் பக்கத்தில் வெள்ளை வேன் நின்றது. பக்கவாட்டில் மடக்குப் படி. படிக்குக் கீழே நீல அட்டைகளின் வரிசை. எல்லோரும் பட்டினி, எல்லோருக்கும் கோபம்.

“வயித்துக்குள்ள பாக்கறதுக்கு வயித்தைக் காயப் போடணுமாம். இது என்ன நியாயம்?” என்று ஒருவர் முணுமுணுத்தார்.

“உங்க வயித்துக்குள்ள இடம் விட்டாத்தானே அவங்க பாக்க முடியும்?” என்றார் இன்னொருவர். வரிசை சிரித்தது.

கிரேன்காரன் சிரிக்கவில்லை. அவன் முறை முன்னால் இருந்தது. சின்னவளுடையது கொஞ்சம் பின்னால். அவளால் நிற்க முடியவில்லை.

“ஏங்க, இடத்தைப் பாத்துக்குங்க. அண்ணியை ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்.”

“இப்பத்தானே வீட்ல பாத்த?”

“அது வீடு. இது கேன்டீன்.”

கேன்டீனின் பின்கதவு திறந்தே கிடந்தது. உள்ளே நீராவி. இடுப்பு உயரப் பாத்திரத்தில் உருளைக்கிழங்குக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பெரியவள் நீளக் கரண்டியால் ஒரு சுற்றுக் கிண்டினாள். கரண்டியை உயர்த்தி இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டாள். நக்கினாள். தலையை ஆட்டிக்கொண்டாள். உப்பு ஜாடிக்குக் கையை நீட்டினாள்.

“அண்ணி!”

பெரியவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

“என்ன பண்றீங்க?”

“என்ன பண்றேன்? கிண்டறேன்.”

“இப்ப வாயில என்ன வச்சீங்க?”

“வாயிலயா? நானா?” பெரியவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அது ஈரமாக இருந்தது. அவள் முகம் மெல்ல மாறியது. “ஐயோ.”

“காலையிலிருந்து எத்தனை தடவை?”

“தெரியலையே, கண்ணு... பருப்புக்கு ஒண்ணு இருக்கும். காய்க்கு ஒண்ணு... கை தானா போகுதே. நான் போகச் சொல்லலையே!”

இத்தனை வருடமாக எத்தனை ஆயிரம் பேர் பசியாறியிருப்பார்கள் அந்த உள்ளங்கையால்! ஒரு நாளாவது உப்பு கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. இன்று அதே கை அவளுக்கு எதிராகப் போய்விட்டது.

“சொன்னா சொன்னதுதான்னீங்களே!”

“சொன்னது வாய். செஞ்சது கைதானே!” என்றாள் பெரியவள், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல். “விடு. எனக்குக் கொடுத்து வைக்கலைன்னு நினைச்சுக்கறேன். நீ போய் உன் இடத்துல நில்லு.”

“கொடுத்து வைக்கலையாம்! இதோ பாருங்க, இனிமே இந்தக் கை பின்னாடி இருக்கணும்.” சின்னவள் அவள் இடது கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் மடக்கி, இடுப்புத் துண்டில் செருகினாள். “நான் திரும்பி வர்ற வரைக்கும் எடுக்கக் கூடாது. உப்பு போடாம அப்படியே கொதிக்கட்டும்.”

“ஒத்தைக் கையால எப்படிடி முந்நூறு பேருக்கு...”

ஆனால் சின்னவள் அதற்குள் வாசலைத் தாண்டி ஓடிவிட்டாள்.

*

அவள் வந்து சேர்ந்தபோது கணவன் வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான்.

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் இல்லையாம். சுத்தமா இருக்காம். ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்னாங்க.”

கடவுளே என்று அவள் நெஞ்சில் கை வைத்தாள். அவன் அங்கேயே நின்றான். நல்ல செய்தி கேட்டவன் முகம்போல அது இல்லை.

“என்னங்க?”

“உள்ள படுத்திருந்தப்ப அக்கா ஞாபகம்தான் வந்துச்சு. ஒரே வயித்துல பொறந்தோம். எனக்கு மெத்தை போட்டு, மூச்சை இழுங்க விடுங்கன்னு மரியாதையாச் சொல்றாங்க. அவ அங்க வெந்துக்கிட்டு நிக்கிறா.” அவன் சட்டைப் பொத்தானைத் தப்பான துளையில் மாட்டிக்கொண்டிருந்தான். சின்னவள் அதைக் கழற்றிச் சரியாக மாட்டினாள்.

“நீங்க கிரேனுக்குப் போங்க. சாப்பாட்டு நேரத்துக்கு நேரா கேன்டீன் வந்துடுங்க.”

“எதுக்கு?”

“எதுக்குன்னு இன்னும் எனக்கே தெரியல. வந்துடுங்க.”

அவள் முறை வந்தது. படி ஏறினாள்.

உள்ளே இருட்டு. குளிர். ஒரு குறுகிய கட்டில், பக்கத்தில் திரை. திரையின் வெளிச்சத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஸ்கேன் எடுப்பவள். கண்ணுக்குக் கீழே களைப்பு.

“அட்டையைக் கொடுத்துட்டுப் படுங்க. வலது பக்கம் சட்டையைத் தூக்கிக்குங்க.”

சின்னவள் படுக்கவில்லை.

“எனக்கு இந்த ஸ்கேன் வேண்டாம்மா.”

“வலிக்காது. வெறும் ஜெல்தான், கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்.”

“பயந்து சொல்லல. எனக்கு அந்தக் கிருமியே இல்ல. என் ஈரலைப் பாத்து என்ன பண்ணப் போறீங்க? எனக்கு முன்னாடி வந்துட்டுப் போனாரே கிரேன்காரர், அவர் அக்காவுக்கு இருக்கு. அவங்க அம்மா இதுலதான் போனாங்க. ஆனா அவங்க மஞ்சள் அட்டை. என் நேரத்தை அவங்களுக்குக் கொடுத்துடுங்க. நான் ஒரு பேச்சும் பேசமாட்டேன்.”

ஸ்கேன் பெண் இருக்கையில் சாய்ந்தாள்.

“அப்படிக் கொடுக்க முடியாதும்மா. அட்டை எண்ணைப் போட்டாத்தான் இந்த வரிசையில படமே எடுக்கும். உங்க எண்ணுல அவங்க படம் போனா நாளைக்கு உங்களுக்கும் ஆபத்து, அவங்களுக்கும் ஆபத்து.”

“அதைத்தான் அவங்களும் சொன்னாங்க.”

“யாரு?”

“எங்க அண்ணி. பொய் சொல்லி வர்றதுக்கு ஒத்துக்கவே மாட்டேன்னுட்டாங்க.”

வெளியே ஒரு லாரி எடை மேடையில் ஏறியது. வேன் லேசாக ஆடியது. ஸ்கேன் பெண் கைப்பேசியை எடுத்து யாரையோ அழைத்தாள். “டாக்டர், ஒரு விஷயம் கேக்கணும்...” என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். சின்னவள் கட்டிலின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

“சரி, டாக்டர். அப்படியே செய்யறேன்.”

அவள் கைப்பேசியைக் கீழே வைத்தாள். “மத்தியானம் எனக்கு சாப்பாட்டு நேரம் உண்டு. அந்த நேரம் என்னுது, ஆலையோடது இல்ல. வேனும் மெஷினும் எங்க டாக்டரோடது. அவர் சரின்னுட்டார். உங்க அண்ணியை அவங்க சொந்தப் பேர்லயே வரச் சொல்லுங்க.”

“நீங்க எப்ப சாப்பிடுவீங்க?” என்றாள் சின்னவள்.

“ஒரு நாள் சாப்பிடலைன்னா இளைச்சா போயிடுவேன்?” என்று அந்தப் பெண் சிரித்தாள். “வெறும் வயித்தோட வரணும். அது முக்கியம்.”

சின்னவள் வாயைத் திறந்தாள். உள்ளங்கை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு இறங்கினாள்.

*

சாப்பாட்டு நேரம். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஸ்கேன் பெண்ணுக்குச் சாப்பாட்டு நேரம் என்றால் ஆலைக்கே சாப்பாட்டு நேரம். முந்நூறு தட்டுகள் வரிசையில் நிற்கும்போது சமையல்காரி எப்படி வெளியே வருவாள்?

“முடியாது, கண்ணு” என்றாள் பெரியவள். கை இன்னமும் இடுப்புத் துண்டில்தான் இருந்தது; சொன்ன சொல்லுக்கு அவ்வளவு கட்டுப்பட்டவள். “பரிமாறும்போது நான் இல்லைன்னு தெரிஞ்சா ஒப்பந்தக்காரர் குதிப்பாரு.”

“குதிக்கட்டும். தரை கெட்டியாத்தான் இருக்கு.”

“உப்பு வேற இன்னும் போடல.”

“நான் பாக்கறேன். எனக்குத்தான் ஸ்கேன் இல்லையே!”

சின்னவள் கரண்டியைப் பிடுங்கினாள். உள்ளங்கையில் விட்டு நக்கினாள். சப்பென்று இருந்தது. ஒரு கை போட்டாள். மறுபடியும் நக்கினாள். இன்னமும் போதாதுபோல இருந்தது. காலையிலிருந்து பட்டினி கிடந்த நாக்கு அது. பசியும் படபடப்பும் ஏறியிருந்த அந்த நாக்குக்கு எதுவும் உறைக்கவில்லை. இன்னொரு கை போட்டாள். பெரியவளின் கண்கள் அந்தக் கையின் அளவையே பார்த்தன. சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மணி அடித்தது.

கிரேன்காரன் மூச்சு வாங்க ஓடிவந்தான். “வந்துட்டேன். என்ன பண்ணணும்?”

“கரண்டியைப் பிடிங்க” என்றாள் சின்னவள். “அக்காவை அனுப்புங்க.”

பெரியவள் தம்பியைப் பார்த்தாள். தம்பி அவளுடைய இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டான். நீல அட்டை அதற்குள் மறைந்தது.

“போக்கா. நான் டன் கணக்குல இரும்பையே சிந்தாம தூக்கறவன். குழம்பைச் சிந்திடுவேனா?”

முதல் தட்டிலேயே சிந்தினான்.

*

பெரியவள் வேன் படி ஏறினாள். உள்ளே போனதும் அவள் முதலில் சொன்னது இதுதான்:

“அம்மா, நான் வெறும் வயித்தோட வரல.”

ஸ்கேன் பெண் நிமிர்ந்தாள். “சாப்பிட்டுட்டீங்களா?”

“சாப்பிடல. உப்பு பாத்துட்டேன். வேணும்னு இல்ல, கைப்பழக்கம். மறைச்சுட்டு வந்து படுக்க மனசு வரல. உங்க சாப்பாட்டையும் கெடுத்துட்டேன். நான் போறேன்.” அவள் திரும்பிவிட்டாள்.

“நில்லுங்கம்மா! எவ்வளவு பாத்தீங்க?”

பெரியவள் உள்ளங்கையைக் காட்டி அதன் நடுவில் விரலால் ஒரு புள்ளி வைத்தாள். “இத்தனை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும்.”

ஸ்கேன் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். “இந்தத் துளிக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. வயித்துல காத்து நிறைஞ்சாத்தான் ஈரலை மறைக்கும். வந்து படுங்க.”

சொல்லாமல் திரும்பிப் போயிருந்தால்? அல்லது சொல்லாமலே படுத்து, மனசு கூசிக்கொண்டே கிடந்திருந்தால்? நேர்மை என்பது சில சமயம் நம்மை வாசல் வரை கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. உள்ளே இழுத்துக்கொள்ள இன்னொருவரின் நல்ல மனசு வேண்டியிருக்கிறது. அன்று அந்த வேனுக்குள் இரண்டும் இருந்தன.

ஜெல் ஜில்லென்று விலா எலும்பில் பரவியது.

“மூச்சை நல்லா இழுங்க. பிடிச்சுக்குங்க. விடுங்க.”

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சுக்கு ஒரு தடவை கடவுளைக் கூப்பிட்டாள். கருவி மெல்ல நகர்ந்தது. நின்றது. நகர்ந்தது. பிறகு திரும்பி வந்தது.

“இன்னொரு தடவை இழுங்கம்மா. பிடிங்க.”

லாரி ஒன்று எடை மேடையில் ஏறி வேன் ஆடியது. ஸ்கேன் பெண் காத்திருந்தாள். ஆட்டம் அடங்கியதும் அதே இடத்துக்குப் போனாள். இன்னொரு தடவை. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

“இன்னொரு மூச்சு.”

“எத்தனை மூச்சு வேணும்னாலும் எடுத்துக்கம்மா” என்றாள் பெரியவள், கண்ணைத் திறக்காமல். “ஆனா மறைக்காம சொல்லு.”

கருவி நின்றது.

“நான் டாக்டர் இல்லம்மா. பாத்ததை மட்டும் சொல்றேன். ஒரு இடம் இருக்கு. சின்னது. அது என்னன்னு இந்த மெஷின் சொல்லாது. பெரிய ஸ்கேனும் ரத்தமும் பாக்கணும்.”

வெளியே யாரோ லாரிக்காரனை அதட்டும் குரல். பெரியவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

“எங்கம்மாவுக்கு வந்தப்போ கையை வச்சாலே தட்டுப்பட்டுச்சு” என்றாள் மெதுவாக. “கல்லு மாதிரி. குளிப்பாட்டும்போது நான்தான் முதல்ல பாத்தேன்.”

ஸ்கேன் பெண் அவள் கையை எடுத்து அவளுடைய வலது விலாவுக்குக் கீழே வைத்தாள்.

“அழுத்திப் பாருங்க. ஏதாவது தெரியுதா?”

“இல்லையே.”

“தெரியாது. இன்னும் நாளாகியிருந்தா தெரிஞ்சிருக்கும். அது நோயே இல்லைன்னு ஆகலாம். நோயாவே இருந்தாலும், கைக்குத் தெரியறதுக்கு முன்னாடி நாம பாத்துட்டோம்.”

பெரியவள் கையை எடுக்கவில்லை. தன் உடம்பையே முதல்தடவையாகத் தொட்டுப் பார்ப்பதுபோல அப்படியே வைத்திருந்தாள். கண்ணோரத்தில் வழிந்தது காதுக்குள் போயிற்று.

படம் டாக்டருக்குப் போயிற்று. பதில் சீக்கிரமே வந்தது. நாளைக் காலையில் அவருடைய ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். தள்ளிப்போடக் கூடாது.

*

கேன்டீனில் அதற்குள் கலவரம்.

“ஏம்ப்பா கிரேன், குழம்பா இது? கடலைக் கொண்டு வந்து ஊத்திட்டியா?”

“தண்ணி! யாராவது தண்ணி கொடுங்கப்பா!”

கிரேன்காரன் கரண்டியோடு நின்றான். சின்னவள் தட்டுகளுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே அலைந்தாள். கண் மட்டும் வாசலில் இருந்தது.

“அக்கா எங்க? அக்கா சமையல் இது இல்லையே!” என்றார் வெல்டர் மாமா. ஆலையிலேயே வயதானவர், எல்லோருக்கும் மாமா.

கிரேன்காரன் மறைக்கவில்லை. “அக்கா ஸ்கேனுக்குப் போயிருக்கா, மாமா. எங்கம்மாவுக்கு வந்தது அவளுக்கும் வந்துடுமோன்னு பயம். அவ உப்பு பாக்கக் கூடாது. அதான் என் வீட்டுக்காரி பாத்தா.”

“அதான் பாத்தாலே தெரியுதே!” என்றது ஒரு குரல். ஆனால் சிரிப்பு எழவில்லை.

வெல்டர் மாமா தன் தட்டைப் பார்த்தார். பிறகு நீட்டினார். “இன்னொரு கரண்டி ஊத்து.”

“மாமா, உங்களுக்கு ரத்தக் கொதிப்பு...”

“சரி, அரைக் கரண்டி ஊத்து.”

அவருக்குப் பின்னால் நின்றவனும் நீட்டினான். அதற்கப்புறம் உப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தண்ணீர்க் குடம்தான் வேகமாகக் காலியாயிற்று.

வரிசையின் கடைசியில் முற்றம் கூட்டுகிறவள் நின்றாள். மஞ்சள் அட்டை. அவள் தட்டை நீட்டாமல் தாழ்ந்த குரலில் கேட்டாள்: “அந்த வேன்ல எங்களையும் பாப்பாங்களா?”

சின்னவள் வேன் நின்ற பக்கம் பார்த்தாள். “கேட்டுத்தான் பாருங்களேன்” என்றாள்.

கூட்டுகிறவள் தட்டை வைத்துவிட்டு நடந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. பிறகு மூட்டை தூக்குகிற இருவர்.

அப்போதுதான் பெரியவள் உள்ளே வந்தாள்.

“என்ன சொன்னாங்க அண்ணி? என்ன? சொல்லுங்களேன்!”

பெரியவள் கை கழுவினாள். கரண்டியை வாங்கி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தாள். அன்று அவள் நிம்மதியாக உப்பு பார்த்தது அப்போதுதான். முகம் கோணியது.

“இதையா எல்லாரும் சாப்பிட்டாங்க?”

“அண்ணி!”

“ஒரு இடத்துல என்னமோ தெரியுதாம்” என்றாள் பெரியவள். “சின்னதுதானாம். நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட வரச் சொல்லியிருக்காங்க.” தம்பியின் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. அவள் பிடித்து நிமிர்த்தினாள். “சின்னதுதான்டா. கையில கூடத் தட்டுப்படல. நான் தொட்டுப் பாத்துட்டேன்.”

“யாரு நாளைக்கு எங்க போறது?”

வாசலில் ஒப்பந்தக்காரர். சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே வந்தார். “பரிமாற ஆள் இல்லைன்னு எனக்குப் போன் வருது. நாளைக்கு வேற லீவா? நாளைக்கு இந்த அடுப்பு எரியலைன்னா, மறுநாள் வேற ஆள் பாத்துப்பேன். அட்டையைக் கொடுத்துட்டுப் போயிடு.”

பெரியவளின் விரல்கள் மஞ்சள் அட்டையைத் தொட்டன. எத்தனையோ வருடமாகக் கழற்றாத அட்டை.

“அடுப்பு எரியும்” என்றாள் சின்னவள். “நாளைக்கு நான் சமைக்கிறேன்.”

கேன்டீன் முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது.

“ஐயோ!” என்று எங்கோ ஒரு குரல் தன்னையறியாமல் வெளிப்பட்டது.

வெல்டர் மாமா எழுந்தார். “சமைக்கட்டும்” என்றார் ஒப்பந்தக்காரரைப் பார்த்து. “நாங்க சாப்பிடறோம். வீட்லேர்ந்து ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணி கொண்டு வந்துடறோம்.”

இப்போது சிரிப்பு வந்தது. பெஞ்சுகள் அதிரும் சிரிப்பு. ஒப்பந்தக்காரர் சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினார். முந்நூறு பேர் சிரிக்கும் இடத்தில் தனியாகக் கோபமாக நிற்பது லேசான காரியம் இல்லை. “பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைக் காதில் வைத்தபடி வெளியே போனார். யாரிடம் பேசுகிறார் என்று தெரியவில்லை.

*

மணி அடித்ததும் கிரேன்காரன் தன் கூண்டுக்கு ஏறிவிட்டான். மேலே போனால் ஆலையின் முற்றம் முழுவதும் தெரியும். கீழே வேலை நிற்கவில்லை. கொக்கியில் ஒரு கட்டுக் குழாய்களை மாட்டிக் கையசைத்தார்கள். அவன் தூக்கினான்.

பாதி வானத்தில் கட்டு மெல்லச் சுழன்றபோது வேனைப் பார்த்தான்.

வேன் கிளம்பியிருக்க வேண்டிய நேரம் அது. கிளம்பவில்லை. மடக்குப் படி இன்னும் இறங்கியே இருந்தது. படியிலிருந்து எடை மேடையைச் சுற்றி ஒரு வரிசை. கழுத்துகளில் எல்லாம் மஞ்சள். படியின் மேல் அந்த ஸ்கேன் பெண், கதவைப் பிடித்துக்கொண்டு யாரிடமோ தலையாட்டினாள். அவள் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டாள் என்று சின்னவள் சொல்லியிருந்தாள்.

அலுவலகப் பக்கத்திலிருந்து ஆலை அதிகாரி வேகமாக நடந்து வந்தார். கூடவே ஒப்பந்தக்காரர். காவல்காரர்கள் இருவர். ஒப்பந்தக்காரரின் விரல் வேனை நோக்கி நீண்டது.

இறங்கி ஓட வேண்டும்போல இருந்தது அவனுக்கு. ஆட்களின் தலைக்கு மேலே சுமை தொங்கும்போது கிரேன்காரன் இறங்கக் கூடாது. கைப்பிடி வியர்வையில் வழுக்கியது. கீழே இருப்பவன் கத்தினான்: “மெதுவா! மெதுவா!”

அப்போது கேன்டீன் கதவு திறந்தது.

அக்கா வந்தாள். கையில் மூடி போட்ட தட்டு. வாசலில் ஒரு கணம் நின்று, மூடியைத் தூக்கி, உள்ளங்கையில் எதையோ விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். குழம்பின் உப்பைச் சரிசெய்து கொண்டுவந்திருக்கிறாள். அவ்வளவு உயரத்திலிருந்து முகம் தெரியவில்லை. அந்தக் கையசைவு தெரிந்தது. இந்த உலகத்தில் வேறு யாருடையதாக இருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டு அவள் வேனை நோக்கி நடந்தாள். தனக்காகப் பட்டினி கிடந்தவளுக்குச் சாப்பாடு.

அதிகாரி படியை மறித்துக்கொண்டு நின்றார். மஞ்சள் வரிசை கலையாமல் நின்றது. அக்கா நேராக அவர் எதிரே போய் நின்றாள். அவர் என்னவோ சொன்னார். அக்கா என்னவோ சொன்னாள். பிறகு தட்டை ஒரு கையில் பிடித்தபடி, மறு கையால் தன் கழுத்திலிருந்த மஞ்சள் அட்டையைக் கழற்றி ஒப்பந்தக்காரரிடம் நீட்டினாள்.

கிரேன்காரனின் கையில் சுமை நின்ற இடத்திலேயே ஆடியது.